பதினெட்டு டிகிரி

ஏப்ரல் 7, ஞாயிறு

பீர் காய்ச்சுகிறவன் கட்டாயம் நாட்குறிப்பு வைத்திருக்க வேண்டும் என்று பெனடிக்ட் சொல்லிவிட்டார். தேதி, வெப்பநிலை, வாசனை. வேறு எதுவும் வேண்டாமாம். "உன் சொந்தக் கதையெல்லாம் எவனும் கேக்கல, நடேசா." வீட்டிலேயே பீர் காய்ச்சும் எங்கள் வட்டத்துக்கு அவர்தான் தலைவர். சொந்தத் தேவைக்கு அளவோடு காய்ச்சிக்கொள்ள சிங்கப்பூரில் சட்டம் இடம் தருகிறது. சட்டத்தை மீறும் ஆள் நானில்லை.

ஆக, குறிப்பு. பழைய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினேன். தட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டால் நொதிக்கும் வாளி அதில் அழகாக உட்காருகிறது. பக்கத்தில் ஒரு கண்ட்ரோலர். வேண்டிய வெப்பநிலையைச் சொல்லிவிட்டால் அதுவே ஃபிரிட்ஜை ஓட்டும், நிறுத்தும், வரைபடம் போட்டு என் கைப்பேசிக்கு அனுப்பும். பீரை நொதிக்க வைக்கும் ஈஸ்டுக்கு வேண்டியது பதினெட்டு டிகிரி. நம் ஊர் அறைச்சூட்டில் விட்டால் அது தறிகெட்டு வேலை செய்து, பீர் வாழைப்பழம் போல மணக்க ஆரம்பித்துவிடும். போன வருடப் போட்டியில் என் புட்டியை முகர்ந்த நடுவர், "குழந்தைகளுக்குக் கொடுக்கலாம்" என்று எழுதிக் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐந்து மாடி அங்காடி ஒன்றின் குளிரூட்டும் இயந்திரங்களுக்கெல்லாம் பொறுப்பாளன் நான். ஒரு வாளியைக் குளிராக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று பெயர் வாங்கியது இன்னும் உறுத்துகிறது. இந்த வருடப் போட்டி ஜூன் பதினைந்து.

ஃபிரிட்ஜைப் பூவிழியின் அறையில் வைத்தோம். மகள் மெல்பர்னில் படிக்கிறாள், அறை சும்மாதான் கிடக்கிறது. சும்மா என்றால், ரஞ்சிதம் சில மாதமாக அங்கே படுத்துக்கொண்டிருந்தாள். என் குறட்டைதான் காரணம் என்றாள். ஏர்கானை மிகக் குறைத்து வைத்துத் தூங்குவாள், அதை நானும் கண்டும் காணாமல் விட்டிருந்தேன். இப்போது எங்கள் அறைக்கே வந்துவிட்டாள். ஒரு வகையில் நல்லதுதான். இங்கே எப்போதும் போல இருபத்தேழு, படுத்துக் கொஞ்ச நேரத்தில் டைமர் அணைத்துவிடும். பகலில் ஏர்கான் கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டு வழக்கம் அது.

ஏப்ரல் 8, திங்கள்

அறை 31. ஃபிரிட்ஜ் 18. மனைவி: பேசவில்லை.

ஏப்ரல் 13, சனி

முதல் காய்ச்சல். முளைகட்டிய பார்லியின் மால்ட் சாறு கொதிக்கக் கொதிக்க வீடு முழுக்கக் கஞ்சி வாசனை. நாளை புத்தாண்டு, ரஞ்சிதம் மாங்காய்ப் பச்சடிக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுக் கீழே காப்பிக்கடைக்குப் போய்விட்டாள். அங்கே பெரிய காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. திரும்பி வந்தபோது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எனக்கு என்னமோ பண்ணுதுங்க."

"புழுக்கம் எல்லாருக்கும்தான்," என்றேன்.

கொதித்த சாறு சீக்கிரம் ஆற வேண்டும், இல்லாவிட்டால் கிருமி புகுந்துவிடும். பனிக்கட்டி எடுக்க சமையலறை ஃபிரீசரைத் திறந்தால், உள்ளே நனைத்து மடித்த ஒரு துண்டு பலகைபோல உறைந்து கிடக்கிறது. யாரோ ஞாபகமறதியாக வைத்தது. எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு அந்த இடத்திலும் பனிக்கட்டித் தட்டு வைத்தேன். ஈஸ்ட் தூவி, மூடி, ஃபிரிட்ஜில் ஏற்றியாயிற்று.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. விருந்தாளிகள். ரஞ்சிதம் கோயில் அழைப்பிதழால் விசிறிக்கொண்டே பரிமாறினாள். அழைப்பிதழ் கசங்கிவிட்டது. வாளியில் குமிழி வர ஆரம்பித்துவிட்டது!

ஏப்ரல் 16, செவ்வாய்

மூடியிலிருக்கும் குழாயில் குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டிருக்கின்றன. ப்ளுக், ப்ளுக். பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு கேட்டேன். ஓர் உயிர் நம்மை நம்பி வேலை செய்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம்.

வியாழக்கிழமை பாலிகிளினிக்குக்குக் கூட வர முடியுமா என்று ரஞ்சிதம் கேட்டாள். என்ன விஷயம் என்றேன். "இரத்தம் எடுக்கணுமாம். சும்மா ஒரு துணைக்கு." அன்றைக்கு நான் ஏற்கெனவே விடுப்பு எடுத்திருக்கிறேன். ஆனால் அது ஈஸ்டுக்காக எடுத்தது. நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது வீட்டில் ஆளில்லாமல் விடக் கூடாது என்று பெனடிக்ட் பலமுறை சொல்லியிருக்கிறார். விளக்கினேன். புரிந்துகொண்டாள்.

ஏப்ரல் 18, வியாழன்

நாள் முழுக்கப் பதினெட்டு. ரஞ்சிதம் மத்தியானம் திரும்பி வந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"வயசுங்கிறாரு."

"சரியாத்தானே சொல்லியிருக்காரு," என்றேன். ஐம்பத்தொன்று ஆகிறதே. அவள் முகம் கழுவப் போனாள். நிறைய நேரம் தண்ணீர் ஓடியது.

ஏப்ரல் 22, திங்கள்

வரைபடத்தில் கோளாறு. மத்தியானத்தில் ஃபிரிட்ஜ் இருபத்தாறுக்கு ஏறியிருக்கிறது. வெள்ளிக்கிழமையும் ஏறியிருக்கிறது, நான்தான் பார்க்காமல் விட்டிருக்கிறேன். நான் வீட்டிலிருந்த வியாழனன்று ஏறவில்லை, சனி ஞாயிறும் ஏறவில்லை. நான் இல்லாதபோது மட்டும் கெடுகிற இயந்திரத்தை என் அனுபவத்தில் பார்த்ததில்லை.

கதவு ரப்பர் தேய்ந்திருக்கும். புதிது வாங்கி மாட்டினேன். ஆசிரியையான ரஞ்சிதம் பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானமே வந்துவிடுவாள் என்பதால், அந்தப் பக்கம் போனாளா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "உங்க பீருகிட்ட எனக்கு என்ன வேலை?" என்றாள். நியாயம்தான். அவளுக்குப் பீர் பிடிக்காது.

ஏப்ரல் 23, செவ்வாய்

மறுபடியும் ஏறியது. பெனடிக்டைக் கூப்பிட்டேன்.

"சென்சார் வயரை எங்க வெச்சிருக்க?"

"ஃபிரிட்ஜுக்குள்ள தொங்க விட்டிருக்கேன்ணே."

"அட மண்டு! காத்தை அளந்துக்கிட்டு உக்காந்திருக்கியா? நொதிக்கிறப்ப அது தன்னாலயே சூடு கிளப்பும்டா. வெளிய பதினெட்டுன்னா உள்ள இருபத்துமூணு இருக்கும். வாளி உடம்போட ஒட்டு. அதோட சூடு என்னன்னு பாரு, சுத்தியிருக்கிற சூட்டை இல்ல."

தலையில் அடித்துக்கொண்டேன். இத்தனை நாளும் குளிராக இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருக்க, உள்ளே அது வெந்துகொண்டிருந்திருக்கிறது. என் துறையில் இருந்துகொண்டு இதைக்கூட யோசிக்கவில்லையே. வயரை வாளியோடு ஒட்டி, மேலே பஞ்சு வைத்துக் கட்டினேன். ஆனால் மத்தியானம் மட்டும் ஏன் ஏறுகிறது என்பதற்கு இது பதில் இல்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

ருசி பார்த்தேன். வாழைப்பழம். வாளியோடு கழிப்பறையில் கவிழ்த்தேன். அழுகை வந்தது என்று எழுதினால் பெனடிக்ட் சிரிப்பார். ஆனால் வந்தது.

மே 2, வியாழன்

படுக்கையறை ஏர்கானை இருபத்திரண்டு வைக்கலாமா என்று ரஞ்சிதம் கேட்டாள். இருபத்தேழு மனிதர்களுக்குத் தாராளம் என்று எடுத்துச் சொன்னேன். மின்விசிறியும் இருக்கிறதே. டைமர் அணைந்ததும் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொள்கிறாளாம். நான் தூங்கிவிடுவதால் பார்த்ததில்லை.

"அந்த ரூம்ல மட்டும் பதினெட்டு வெச்சீங்களே?"

"அது ஈஸ்டு, ரஞ்சிதம். அதுக்கு உயிர் இருக்கு."

மே 4, சனி

இரண்டாவது காய்ச்சல். போட்டிக்கு இதுதான். இன்னொன்றுக்கு நாள் இல்லை. கதவு திறந்தால் கைப்பேசியில் மணி அடிக்கும்படி ஒரு சின்னக் கருவியும் மாட்டிவிட்டேன்.

மே 6, திங்கள்

வேலையிடத்தில் கூட்டத்தில் இருந்தபோது மணி அடித்தது. கதவு திறந்திருக்கிறது. அடித்துக்கொண்டே இருந்தது. டாக்சி பிடித்து வீட்டுக்கு ஓடினேன்.

பூவிழியின் அறையில், ஃபிரிட்ஜ் கதவு அகலத் திறந்திருக்க, ரஞ்சிதம் அதற்கு எதிரே படிப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்துச் சேலையைக்கூட மாற்றவில்லை. தலைப்பை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் வாளியைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதன்மேல் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். பக்கத்தில், அன்று ஃபிரீசரில் பார்த்த அதே துண்டு, மறுபடி உறைந்து.

"ரஞ்சிதம்! கதவை மூடு! இருபத்தொண்ணு ஆயிடுச்சு!"

அவள் திடுக்கிடவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"எது?"

"பீரு!"

"ஓ. எனக்கு என்னன்னு கேக்க மாட்டீங்களா?"

"சரி, உனக்கு என்ன?"

"எரியுதுங்க. நெஞ்சுல கிளம்பி முகத்துக்கு ஏறுது. கிளாஸ்ல பிள்ளைங்க முன்னால நிக்கிறப்ப வருது. 'டீச்சர், ஏன் அழுவுறீங்க'ன்னு ஒரு பொண்ணு கேக்குது, வேர்வைன்னு சொன்னா நம்ப மாட்டேங்குது. பகல்ல ஏர்கான் போடக் கூடாதுன்னீங்க, போடல. இந்த ரூமை எடுத்துக்கிட்டீங்க, குடுத்தேன். அரை மணி நேரம் இங்க உக்காந்தா உயிர் வருது. அதுவும் தப்பா?"

"டாக்டரே வயசுன்னு சொல்லிட்டாரே. கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா? இது போட்டிக்கு வெச்சிருக்கிறது."

"ஈஸ்டு பொறுத்துக்காதா?"

"அதுக்குப் பொறுத்துக்கத் தெரியாதும்மா."

ரஞ்சிதம் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். கதவை மூடினாள். ரப்பர் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று ஒரு முறை அழுத்தியும் பார்த்தாள். வெளியே போய்விட்டாள்.

சரியான நேரத்தில் பார்த்துவிட்டேன், பீருக்குப் பாதகமில்லை.

மே 7, செவ்வாய்

கோடு நேராக இருக்கிறது.

மே 12, ஞாயிறு

ரஞ்சிதம் கூடத்துத் தரையில் படுக்கிறாள். டைல்ஸ் குளிர்ச்சியாம். பேச்சு குறைந்துவிட்டது. கேட்டால் பதில் சொல்கிறாள். வாளியின் குமிழியும் குறைந்திருக்கிறது, ஆனால் அது இயல்பானது.

மே 14, செவ்வாய்

இரண்டாம் மாடித் துணிக்கடைக்காரி, கடையில் சூடு தாங்கவில்லை என்று புகார் கொடுத்தாள். உடனே நானே போனேன். அளந்தால் இருபத்துநான்கு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. என்னோடு வந்த புதுப்பையன், "ஒண்ணுமே இல்ல சார், அவங்களுக்கு அப்படித் தோணுது," என்றான். அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்: "இருக்கிறவங்க சூடுன்னா சூடுதான். முதல்ல அவங்க சொல்றதைக் கேக்கணும், மீட்டரைப் பாக்கிறது அப்புறம்." இது எங்கள் தொழிலில் பாலபாடம். இரண்டு டிகிரி குறைத்துக் கொடுத்தோம். கடைக்காரி எனக்கு வணக்கம் சொல்லி, இனிப்பும் கொடுத்தாள்.

மே 19, ஞாயிறு

புட்டியில் அடைத்தேன். துளி வாழைப்பழம் இல்லை! சுத்தமான, கசப்பான, நிமிர்ந்த ருசி. ஒரு வாய் கொடுத்துப் பார்க்கலாம் என்று தேடினேன். ரஞ்சிதம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மே 25, சனி

பள்ளி விடுமுறை. ரஞ்சிதம் மலேசியாவில் கேமரன் மலையில் இருக்கும் அவள் தங்கை செண்பகத்தின் வீட்டுக்குக் கிளம்பினாள். அங்கே தானா ராத்தாவில் செண்பகத்தின் கணவருக்குக் காய்கறித் தோட்டம். பேருந்து நிற்குமிடம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"ஸ்கூல் திறக்கிறப்ப வந்துடுவ இல்ல?"

"ஆறு மாசம் சம்பளமில்லா லீவு கேட்டிருக்கேன். குடுத்துட்டா அங்கயே இருக்கலாம்னு பாக்கறேன்."

"ஆறு மாசமா? என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னேன். காத்துகிட்ட சொன்ன மாதிரி இருந்துச்சு."

பேருந்து போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். நல்ல வெயில்.

மே 27, திங்கள்

வேலை நடுவே சும்மா பார்த்தேன். தானா ராத்தாவில் இன்று காலை பதினெட்டு டிகிரி.

மே 30, வியாழன்

அங்கே இன்றும் பதினெட்டு. எந்தக் கண்ட்ரோலரும் இல்லாமல்.

ஜூன் 2, ஞாயிறு

பூவிழி கூப்பிட்டாள். அம்மா ஏன் போனாள் என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். மகள் பெருமூச்சு விட்டது மெல்பர்னிலிருந்து நன்றாகக் கேட்டது.

"அப்பா, அம்மாவுக்கு மாதவிடாய் நின்னுக்கிட்டிருக்கு. அந்த நேரத்துல உடம்பு திடீர் திடீர்னு கொதிக்கும். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை. இது கூடவா உங்களுக்குத் தெரியாது?"

"என்கிட்ட யாருமே சொல்லலியேம்மா."

"'எரியுது'ன்னு அம்மா சொல்லலியா?"

இதே நாட்குறிப்பைத் திருப்பிப் பார்த்தேன். பெனடிக்ட் சொன்னபடி தேதியும் வெப்பநிலையும் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். மாங்காய்ப் பச்சடி அன்று என்னமோ பண்ணுகிறது என்றாள். நான் புழுக்கம் என்று எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகும் அவள் வராவிட்டால் என்ன செய்வது?

ஜூன் 8, சனி

பூவிழியின் அறையில், காலி ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கைப்பேசியில் மணி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முன்பக்கம் மட்டும் கொஞ்சம் குளிர்ந்தது, முதுகெல்லாம் வியர்வை. இதற்காகவா அவள் திருட்டுத்தனமாக வந்து உட்கார்ந்தாள்? எங்கள் வீட்டில் அவளுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

சாயங்காலம் ஃபிரிட்ஜைப் பெனடிக்ட் வீட்டுக்கு ஏற்றி அனுப்பினேன். "போட்டிக்கு ஒரு வாரம் இருக்கிறப்ப பைத்தியம் பிடிச்சிருக்கா?" என்றார். ஆமாம் என்றேன். அறையைப் பெருக்கித் துடைத்து, கட்டிலை ஜன்னல் பக்கமிருந்து ஏர்கானுக்கு நேராக நகர்த்தினேன். ரிமோட்டில் பதினெட்டு வைத்துப் பார்த்தேன். நன்றாக ஓடுகிறது.

ஜூன் 15, சனி

இரண்டாம் பரிசு. நடுவரின் குறிப்பு: "வெப்பக் கட்டுப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. பொறுமையும் கவனமும் உள்ளவர் காய்ச்சியது." எல்லாரும் கைதட்டினார்கள். பெனடிக்ட் முதுகில் ஓங்கித் தட்டினார்.

ரஞ்சிதத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். நடுவர் எழுதியதையும் படித்துக் காட்டினேன்.

"பொறுமையும் கவனமுமா?" என்றாள்.

"ஆமா."

"சந்தோஷம். இங்க நல்ல குளிரு, போர்வைக்குள்ள இருக்கேன். வைக்கட்டுமா?"

ஜூன் 17, திங்கள். தானா ராத்தா

செண்பகத்தின் வீடு தோட்டத்தை ஒட்டி, சரிவில் இருக்கிறது. நான் போனபோது ரஞ்சிதம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முட்டைக்கோசு பொறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை. இவ்வளவு அமைதியாக அவளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். என்னைக் கண்டதும் செண்பகம், "வாங்க மாமா, டீ போடறேன்," என்று நைசாக உள்ளே போய்விட்டாள்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். ஃபிரிட்ஜை அனுப்பிவிட்டேன். பூவிழியின் அறை இனி உனக்குத்தான். கட்டிலை நகர்த்திவிட்டேன். பகலிலும் ஏர்கான் போடலாம். எல்லாம் சரிசெய்து பதினெட்டு வைத்திருக்கிறேன்.

ரஞ்சிதம் ஒரு கோசை எடுத்துத் திருப்பிப் பார்த்துக் கூடையில் போட்டாள்.

"பதினெட்டா? யாரு சொன்னது?"

"இல்ல... அதுதானே நல்ல..."

"அது உங்க பீருக்கு. எனக்கு எவ்வளவு வேணும்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அங்காடியில் இருநூறு கடைக்காரர்களிடம் கேட்டவன், இவளிடம் கேட்கவில்லை. தோட்டத்தில் நின்றபடியே கேட்டேன்.

"உனக்கு எவ்வளவு வேணும், ரஞ்சிதம்?"

"தெரியாது," என்றாள். "ஒரு நேரம் கொதிக்கும், உடனே நடுங்கும். ஒரு நேரம் ஒண்ணுமே இருக்காது, சும்மா அழுகையா வரும். இதுக்கெல்லாம் பட்டன் கிடையாது. அப்பப்பக் கேட்டுக்கணும்."

"கேட்டுக்கிறேன்."

"லீவு குடுத்துட்டாங்க. தெரியுமில்ல?"

"இங்க இருக்க வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல," என்றேன். "ஆனா நீ இல்லாம வீட்ல இருக்க முடியல."

நெடுநேரம் கோசு பொறுக்கினாள். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். அழுகியதை நல்லது என்று கூடையில் போட்டேன், எடுத்து எறிந்தாள். கடைசியில், "ஒரு வாரம் வந்து பாக்கறேன்," என்றாள். "சரியா வரலைன்னா திரும்பப் பஸ் இருக்கு."

ஜூன் 23, ஞாயிறு

வந்துவிட்டாள். ரிமோட்டை அவள் கையில் கொடுத்தேன். வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பரிசு வாங்கிய பீரில் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"எப்படி?"

"கசக்குது. இதுக்கா இவ்வளவும்?"

ஜூன் 25, செவ்வாய்

அறை 20. லீவில் இருப்பதால் வீட்டில்தான் இருக்கிறாள், வேலையிடத்திலிருந்து கூப்பிட்டுக் கேட்டபோது 23. வீட்டுக்கு வந்து கேட்டபோது, "சும்மா கேட்டுக்கிட்டே இருக்காதீங்க, எரிச்சலா வருது," என்றாள். கேட்காமல் இருந்தேன். இப்போது ஏர்கானை அணைக்கச் சொல்கிறாள், ஜன்னலைத் திறக்கச் சொல்கிறாள், பழைய கம்பளி எங்கே என்கிறாள். அது பரண் மேல் இருக்கிறது, ஏணி எடுக்க வேண்டும். எழுத நேரமில்லை.